பகலெல்லாம் பூட்டிய வீட்டில் பூனை இருக்குமா?

29 வயதுப் பெண் ஒருவர் மிருக வைத்தியனான எனக்கு நீளமாக, யோசித்து யோசித்து எழுதிய கடிதம் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விஷயங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வாடகை வீட்டில், மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறார். காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு ஏழு மணிக்குத்தான் திரும்புகிறார். மாதம் ஒருமுறை வேலை விஷயமாக இரண்டு இரவு வெளியூர். “கதவைத் திறந்து விளக்கைப் போட்டால், காலையில் நான் வைத்த குவளை வைத்த இடத்திலேயே இருக்கிறது. அது ஒரு அங்குலம் நகர்ந்திருந்தால்கூடச் சந்தோஷப்படுவேன்” என்று எழுதியிருக்கிறார். கூட வேலை பார்ப்பவர் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு தெருப்பூனை நான்கு குட்டி போட்டிருக்கிறது. குட்டிகளுக்கு இப்போது ஐந்து வாரம். உடம்பெல்லாம் வெள்ளை, காது மட்டும் கறுப்பு என்று ஒரு குட்டி. அதை அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறாராம் அவர். நம் வாசகி மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருக்கிறார் (அவருடைய வார்த்தைதான், என்னுடையது அல்ல). அக்காவோ, “உயிருள்ள ஒன்றைப் பத்து மணி நேரம் பூட்டி வைப்பது பாவம்” என்கிறாராம்.

கடிதத்தில் இருக்கும் கேள்விகள் இவை. பூனை வீட்டோடுதான் ஒட்டும், ஆளோடு ஒட்டாது என்கிறார்களே, அப்படியானால் நான் இல்லாதது அதற்குப் பெரிதாகத் தெரியாதுதானே? சனி, ஞாயிறு முழுக்க அதனோடு இருந்து ஈடு கட்டினால் போதாதா? வெளியூர் போகும்போது பெரிய கிண்ணத்தில் உணவு நிறைத்து வைத்துவிடலாமா? இரண்டு குட்டியாக எடுத்தால் ஒன்றுக்கொன்று துணையாக இருக்குமா? நான் சைவம், அதற்கும் பாலும் சைவ உணவும் கொடுத்தே வளர்க்கலாமா? கடைசியாக, பூனை வந்தால் என் தனிமை குறையுமா?

அன்புள்ள வாசகிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பூனை வளர்க்கலாம். ஆனால் அடுத்த வாரம் போய் அந்தக் கறுப்புக் காதுக் குட்டியை எடுத்து வர வேண்டாம்.

முதலில் உங்கள் அக்கா சொன்னதை எடுத்துக்கொள்வோம். வளர்ந்த பூனை ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரம் தூங்கும். விடியற்காலையும் அந்திப் பொழுதும்தான் அதற்கு வேட்டை நேரம், நடுப்பகல் ஓய்வு நேரம். ஒருமுறை என் வீட்டுக் கூடத்தில் கேமரா வைத்துப் பார்த்தேன். நான் கிளம்பிய இருபதாவது நிமிடம் நாற்காலியில் சுருண்ட என் பூனை, மூன்று மணிக்கு எழுந்தது. முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. தண்ணீர் குடித்தது. சன்னல் கண்ணாடியில் உட்கார்ந்திருந்த ஒரு ஈயைப் பத்து நிமிடம் முறைத்தது. திரும்ப வந்து அதே நாற்காலியில் படுத்துவிட்டது. ஆறரைக்கு எழுந்து, வாசல் பக்கம் செருப்பு அடுக்கும் பலகை மேல் போய் உட்கார்ந்துகொண்டது. நான் வருவது ஏழு மணிக்கு.

இந்தக் கடைசி அரை மணி நேரத்தை உங்கள் முதல் கேள்விக்கும் பதிலாக வைத்துக்கொள்ளலாம். பூனை ஆளோடு ஒட்டாது என்பது சரியல்ல. 2019-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. பழக்கமில்லாத அறையில் குட்டிகளை வளர்ப்பவரோடு கொஞ்ச நேரம் விட்டார்கள். பிறகு இரண்டு நிமிடம் தனியே விட்டு, மறுபடி அவரை உள்ளே அனுப்பினார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு குட்டிகள், ஆளைப் பார்த்ததும் பதற்றம் தணிந்து, அவரிடமும் வந்து, அறையையும் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தன. அம்மாவிடம் நம்பிக்கை உள்ள குழந்தையும் இப்படித்தான் செய்யும். 2017-இல் ஸ்வீடனில் வந்த இன்னொரு ஆய்வில், அரை மணி நேரம் தனியாக இருந்தபோதைவிட நான்கு மணி நேரம் இருந்தபோது, ஆள் திரும்பியதும் பூனைகள் அதிகமாகக் குர்குரென்றன, அதிகமாக உடம்பை நீட்டி நெளித்தன. அதைத் துயரம் என்று சொல்லிவிட முடியாது. நீங்கள் எவ்வளவு நேரம் இல்லை என்பது அதற்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆக, நீங்கள் வெளியே இருக்கும் பத்தரை மணி நேரத்தைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. வீட்டில் இருக்கும் நேரத்தை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. சனி, ஞாயிறில் மொத்தமாகக் கொடுக்கும் பாசம் பூனையிடம் செல்லுபடியாகாது. இரண்டு நாள் ஓயாமல் தூக்கிக் கொஞ்சிவிட்டுத் திங்கட்கிழமை கண்டுகொள்ளாமல் ஓடினால், அது குழம்பிப்போகும். அதற்கு வேண்டியது தினமும் ஒரே நேரத்தில் நடக்கும் சின்னச் சின்ன விஷயங்கள். காலையில் கால் மணி நேரம், மாலையில் கால் மணி நேரம் விளையாட்டு. கோலில் கட்டிய இறகை முகத்துக்கு நேராக ஆட்டினால் அது பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும். எலி எப்படித் தப்பித்து ஓடுமோ அப்படி இழுங்கள்: சுவரோரமாக, நாற்காலிக் காலுக்குப் பின்னால், ஒரு நொடி நின்று, மறுபடி சரசரவென்று. பின்பக்கத்தை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே பதுங்கும், அப்புறம் பாயும். பிடிக்க விடுங்கள். (சுவரில் ஓடும் லேசர் புள்ளியை எப்போதுமே பிடிக்க முடியாது என்பதால் அது எனக்குப் பிடிப்பதில்லை.) பிடித்த கையோடு உணவு வையுங்கள். சாப்பிடும், பாதத்தை நக்கி முகம் துடைக்கும், தூங்கிவிடும். நீங்கள் கதவைப் பூட்டும் சத்தம்கூட அதன் காதில் விழாது.

இதற்கு நீங்கள் அரை மணி நேரம் முன்னால் எழுந்திருக்க வேண்டும். மாலையில் களைத்து வந்தாலும் கைபேசியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். முடியுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

குட்டி ஏன் வேண்டாம்

மேலே சொன்னதெல்லாம் வளர்ந்த பூனைக்கு. குட்டி வேறு ஜாதி.

ஐந்து, ஆறு வாரத்தில் தாயைப் பிரிக்கக் கூடாது. குறைந்தது எட்டு வாரம், முடிந்தால் பன்னிரண்டு வாரம் தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அவை ஒன்றையொன்று கடித்துத்தான் கற்றுக்கொள்கின்றன. அந்தப் பாடம் படிக்காமல் சீக்கிரம் வந்த குட்டி, உங்கள் கையில் படிக்கும். கை முழுக்கக் கீறலோடு, “இது ஏன் டாக்டர் இப்படிக் கடிக்கிறது?” என்று கேட்டு வருகிறவர்களில் நிறையப் பேர் ஐந்து வாரக் குட்டியை எடுத்தவர்கள்.

வயிறும் சின்னது. சில மாதங்கள் வரை நாளைக்கு மூன்று நான்கு முறை சாப்பிட வேண்டும். தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போகும். அப்புறம் ரேபிஸ் ஊசி, குடற்புழு மருந்து, ஐந்து மாதத்துக்குள் கருத்தடை. எத்தனை விடுப்பு என்று எண்ணிப் பாருங்கள். ஆள் இல்லாத வீட்டில் பத்து மணி நேரம் விழித்திருக்கும் குட்டி, திரைச்சீலையில் ஏறும், சார்ஜர் ஒயரைக் கடிக்கும். எனக்குப் பயம் நூலைப் பார்த்தால்தான். பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் இருப்பதால், வாயில் போன நூலைத் துப்ப அதற்குத் தெரியாது. விழுங்கிய நூல் குடலைச் சுருக்குப்பை மாதிரி இழுத்துச் சுருட்டி அறுத்துவிடும். (எப்போதாவது வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால், தயவுசெய்து இழுக்காதீர்கள். அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள்.)

இரண்டு குட்டி யோசனை மோசமில்லை. கூடப்பிறந்த இரண்டு ஒன்றையொன்று களைப்பாக்கிக்கொள்ளும். ஆனால் அவற்றுக்குச் சாப்பாடு வைக்கவும், ஊசிக்குத் தூக்கிப்போகவும் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். வேலை இரண்டு மடங்கு, வைத்தியச் செலவும் இரண்டு மடங்கு. ஒன்று எடுத்துவிட்டு, ஒரு வருடம் கழித்து அதற்குத் துணை தேடுவது இன்னும் சிக்கல். வளர்ந்த பூனை புது விருந்தாளியைத் துணையாக நினைப்பது குறைவு, தன் இடத்தில் நுழைந்த ஆளாகத்தான் முதலில் பார்க்கும்.

குட்டி வளர்ந்து எப்படிப்பட்ட குணத்தோடு இருக்கும் என்பது சீட்டுக் குலுக்கல்தான். இரண்டு மூன்று வயதான பூனையிடம் அது இல்லை. மடியில் உட்காருமா, தூக்கினால் சீறுமா, கதவு தட்டினால் கட்டிலுக்கடியில் ஓடுமா என்பது பார்த்த அன்றே பாதி தெரிந்துவிடும்.

ஆள் இல்லாத வீட்டில் நோய் எப்படித் தெரியும்?

முழுநேரம் வேலைக்குப் போகிறவர்களிடம் நான் முக்கியமாகப் பேசுவது இதைத்தான். பூனை நோயை மறைக்கும். வலித்தால் கத்தாது, ஒதுங்கிப் படுக்கும். ஒதுங்கிப் படுத்ததைப் பார்க்கவே ஆள் வேண்டுமே!

ஒருவர் தன் கடுவன் பூனையைக் காலை ஏழு மணிக்குத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார். இரண்டு நாளாக இரவு வெகுநேரம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். பூனை மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்ததை முதல் நாள் இரவே பார்த்திருக்கிறார், மலச்சிக்கல் என்று நினைத்துத் தூங்கிவிட்டார். நான் வயிற்றைத் தொட்டபோது மூத்திரப்பை எலுமிச்சம்பழம் மாதிரிக் கெட்டியாக இருந்தது. ஆண் பூனையின் மூத்திரக்குழாய் மிகக் குறுகல், படிகமோ சளியோ அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். அது பிழைத்தது, ஆனால் ஐந்து நாள் என்னிடம்தான் இருந்தது. மணலில் உட்கார்ந்து முக்குகிறது, மணல் நனையவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். பெட்டைப் பூனைக்கு இந்த அடைப்பு அபூர்வம். தனியாக இருக்கும் உங்களுக்கு நான் பெட்டையைச் சொல்ல இதுவும் ஒரு காரணம்.

நீங்கள் பார்க்காத பத்தரை மணி நேரத்தின் நாட்குறிப்பு அந்த மணல் தட்டுதான். தினமும் அள்ளுங்கள், அள்ளும்போது எத்தனை ஈரக்கட்டி, எவ்வளவு பெரிது என்று பாருங்கள். கட்டி திடீரென்று பெரிதானால் சிறுநீரகமோ சர்க்கரையோ இருக்கலாம். தட்டு அகலமாக, மூடியில்லாமல், சாப்பாட்டுக் கிண்ணத்துக்குத் தள்ளி இருக்கட்டும். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு இருந்தால் நல்லது, அதுவும் நாள் முழுக்க அள்ள ஆள் இல்லாத வீட்டில்.

பெரிய கிண்ணம் நிறைய உணவு வைக்கும் யோசனை வேண்டாம் என்பதற்கும் இதே காரணம்தான். எப்போதும் நிறைந்திருக்கும் கிண்ணத்தில் எவ்வளவு குறைந்தது என்று யாருக்கும் தெரியாது. பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால், குறிப்பாகக் குண்டுப் பூனை, உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய் அடைந்து ஆளையே சாய்த்துவிடும். அளந்து, வேளைக்கு வையுங்கள். நேரத்துக்குத் திறக்கும் தானியங்கிக் கிண்ணம் வாங்கலாம், விடியற்காலை நாலு மணிக்கு உங்கள் மூக்கைத் தட்டி எழுப்பாமலிருக்கவும் அது உதவும். ஆனால் அதற்குக் கண் கிடையாது.

ஆகவே வெளியூர் போகும் இரண்டு இரவுக்கு, தினமும் ஒருமுறையாவது ஓர் ஆள் வந்து போக வேண்டும். அரை மணி நேரம் போதும். உணவும் தண்ணீரும் மாற்றி, மணல் அள்ளி, பூனை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டும். விடுதியில் விடுவதைவிடப் பெரும்பாலான பூனைகளுக்கு இதுதான் ஒத்துப்போகும். அந்த ஆள் யார்? “யாராவது இருப்பார்கள்” என்பது பதில் அல்ல. பெயர் சொல்ல முடிந்து, மாற்றுச் சாவியும் அவர் கையில் போன பிறகுதான் பூனை வர வேண்டும்.

சைவம், பால், பால்கனி

இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பூனை இறைச்சி தின்றே ஆக வேண்டிய பிராணி. டாரின் என்ற சத்தைத் தனக்குப் போதுமான அளவு அதனால் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ள முடியாது, இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் விழித்திரை அழியும், இதயம் வீங்கித் தளரும். இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987-இல்தான் தெரிய வந்தது. அதற்குமுன் கடை உணவு தின்ற பூனைகளே அப்படிச் செத்திருக்கின்றன. நீங்கள் சமைக்க வேண்டாம், பூனைகளுக்கென்று தயாரித்த முழுமையான உணவை வாங்கி வைத்தால் போதும். பொட்டலத்தைத் தொடுவதே மனதுக்கு ஒவ்வாது என்றால், அதில் தவறில்லை. பூனை வேண்டாம், முயல் வளர்க்கலாம். பால் வேண்டவே வேண்டாம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது. பூனை என்றால் பால் என்பது கதையில் சரி, மணல் தட்டில் வயிற்றுப்போக்காக வந்து நிற்கும்.

மூன்றாவது மாடி என்றீர்கள். பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலில் நிற்கும் என்று நம்பி பால்கனியைத் திறந்து வைக்காதீர்கள். நிற்கும், ஆனால் தாடை உடைந்து, நெஞ்சில் அடிபட்டு நிற்கும். வலை அடித்த பிறகு பூனை வரட்டும். வலை அடிக்க வீட்டுக்காரரிடம் கேட்டாக வேண்டும் அல்லவா? அப்போதே பூனைக்கும் சேர்த்து எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சை நம்பி, பிறகு பூனையா வீடா என்று நிற்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

லில்லி மலர்க்கொத்து வீட்டுக்குள் வரக் கூடாது. மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். உங்கள் தலைவலி மாத்திரையான பாராசிட்டமாலும் அதற்கு விஷம், ஒரு மாத்திரை போதும் ஒரு பூனையைக் கொல்ல.

செலவைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. மாதாமாதம் உணவும் மணலும் சமாளித்துவிடுவீர்கள். மூத்திர அடைப்பு, எலும்பு முறிவு என்று ஒரே நாளில் வரும் செலவுக்கு, உங்கள் ஒரு மாத வாடகை அளவுக்காவது தொடாத பணம் இருக்கட்டும்.

தனிமை குறையுமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நான் மிருக வைத்தியன், மனதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. குவளை நகரும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் தருகிறேன், பெரும்பாலும் மேசையிலிருந்து கீழே. வீட்டுக்குள் வாழும் பூனை பதினைந்து வருடம் இருப்பது சாதாரணம். அதற்குள் உங்களுக்கு வேலை மாறலாம், ஊர் மாறலாம், வீட்டில் இன்னொருவர் வரலாம், அவருக்குப் பூனை ஒவ்வாமை இருக்கலாம். (அது முடியால் வருவதல்ல, எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஒரு புரதத்தால் வருவது. உங்களுக்கே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, பூனை உள்ள வீட்டில் இரண்டு மூன்று முறை சில மணி நேரம் இருந்து பாருங்கள்.)

அந்த ஒற்றை வரி

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கறுப்புக் காதுக் குட்டியைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறீர்கள். நடுவில், போகிற போக்கில், ஒரே வரி: “தாய்ப்பூனை நல்ல சாது, போன தடவை என் மடியில் ஏறித் தூங்கிவிட்டது, குட்டிகளைக் கொடுத்த பிறகு அதை என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை.”

உங்களுக்கான பூனை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வளர்ந்தது, பெட்டை, மனிதரை நம்புவது. முன்பு யாரோ வளர்த்த பூனையாகக்கூட இருக்கலாம். குட்டிகளுக்கு நாலு பேர் கிடைப்பார்கள், தாய்க்குக் கிடைக்க மாட்டார்கள்.

அவசரமும் இல்லை. குட்டிகள் பால் மறக்கவே இன்னும் சில வாரம் ஆகும், அதன்பின் பால் வற்ற இரண்டு வாரம் விட்டுக் கருத்தடை செய்யலாம். அதுவரை தாயை வெளியே விடாமல் வைத்திருக்க உங்கள் கூட வேலை பார்ப்பவரிடம் சொல்லுங்கள். குட்டி பால் குடிக்கும்போதே தாய் மறுபடி சினையாகிவிடும், ஒன்பது வாரத்தில் அடுத்த ஈற்றுக் குட்டிகள் வந்துவிடும். அறுவை சிகிச்சையன்றே தடுப்பூசி பற்றிக் கேளுங்கள், பூனை லுக்கீமியா உள்ளிட்ட தொற்றுகளுக்கு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடலாம். உங்களுக்கு வலை அடிக்க, சாவி கொடுக்க, வீட்டுக்காரரிடம் பேச நேரம் கிடைக்கும். தெருவில் திரிந்தது நாலு சுவருக்குள் நிம்மதியாக இருக்குமா என்பது வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே “ஒரு மாதம் வைத்துப் பார்க்கிறேன்” என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். முதல் சில நாள் ஒரே அறையில் விடுங்கள், சேர்ந்தாற்போல நாலைந்து நாள் விடுப்பு எடுங்கள். கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தால் இழுக்காதீர்கள்.

இடையில் வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து, அதைப் பார்த்து மெதுவாகக் கண்ணைச் சுருக்கி மூடித் திறங்கள். அப்படிச் செய்பவரைப் பார்த்துப் பூனைகளும் கண் சுருக்குகின்றன, அவரிடம் நெருங்கியும் வருகின்றன என்று 2020-இல் பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவரும் நாளில் மட்டும், மடியில் வைத்து வண்டியில் எடுத்து வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மூடிய கூடை ஒன்றை இப்போதே வாங்கி, உள்ளே உங்கள் பழைய துணி ஒன்றைப் போட்டு, அவர் வீட்டில் திறந்தே வைத்துவிட்டு வாருங்கள். உள்ளே போய்த் தூங்கப் பழகட்டும்.